கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு சைக்கிளில்: புற்றுநோய் நிதிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூலில் என் அத்தை வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அந்த வியாதி" என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அத்தை மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகள் கல்யாணம் முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்பு வரை வந்துவிட்டது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையில் 1,15,238 புதிய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டதே மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான்.

அத்தை போன மறு ஆண்டு நான் சைக்கிள் ஓட்டிப் பணம் திரட்டத் தொடங்கினேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை மூன்று நாள், பழைய சாலை வழியாக ஏறத்தாழ 380 கிலோமீட்டர், அப்புறம் பெர்ரியில் ஜார்ஜ் டவுன். போவதற்கு முன் எனக்கு இருந்த கவலை முழுக்க கால்கள் தாங்குமா என்பதுதான், ஆனால் அதை விடக் கடினமாக இருந்தது வாயைத் திறந்து பணம் கேட்பது. கேட்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு மூடி வைத்திருந்த கதைகள் வெளியே வந்தன. அதனால் இந்த வழிகாட்டியில் பயிற்சியையும் நிதி திரட்டுவதையும் தனித்தனியாகப் பிரிக்கப் போவதில்லை. இரண்டுக்கும் 16 வாரம் வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு கடைசி மாதத்தில் பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் எல்லாரும் கடைசி வாரத்தில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம்: சைக்கிளைத் தொடுவதற்கு முன்

யாருக்காகப் பணம் திரட்டுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். "புற்றுநோய்க்காக" என்று பொதுவாகச் சொன்னால் கொடுக்கிறவருக்கு எதுவும் பிடிபடாது. நம் நாட்டில் நீண்ட காலமாக இயங்குகிற அமைப்புகள் இருக்கின்றன. 1966இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் பரிசோதனை, விழிப்புணர்வு, நோயாளிகளுக்கான ஆதரவு என்று வேலை செய்கிறது. 1994இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் மன்றமான மக்னா வசதி இல்லாத நோயாளிகளுக்குப் பண உதவி தருகிறது. பினாங்குக்காரர்களுக்குத் தஞ்சோங் பூங்காவில் 1976இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனையைத் தெரியாமல் இருக்காது, அதுவும் லாப நோக்கில்லாத மருத்துவமனைதான். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பேசுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: என் பயணத்துக்கு உங்கள் பெயரைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தருவீர்களா, பணம் நேராக உங்கள் கணக்குக்கு வர வழி உண்டா, வரிவிலக்கு ரசீது கொடுப்பீர்களா.

இந்த மூன்றாவது கேள்வியை நான் முதல் வருஷம் கேட்கவில்லை. எல்லாரும் என் சொந்தக் கணக்கில் போடட்டும், நான் மொத்தமாகக் கட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன். பணம் ஒரு சென் குறையாமல் போய்ச் சேர்ந்தது, ஆனால் 500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த ஒரு மாமா ரசீது கேட்டபோது என்னால் கொடுக்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, "சரி தம்பி, விடு" என்றார். அந்த "விடு" என்ற சொல் எனக்கு இன்னும் வலிக்கிறது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடையை, மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டுகிற யாருக்கும் இது பெரிய விஷயம். ஆகவே பணம் உங்கள் கையிலோ கணக்கிலோ படாமல் அமைப்புக்கே போகும்படி கைபேசியில் பணம் அனுப்ப உதவும் டுயிட்நவ் கியூஆர் குறியீடோ தனி இணைப்போ வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதுக்குப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள், அதையும் அவர்களே வாங்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டால் நிம்மதி.

இன்னொன்று. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலோ கோயில் வாசலிலோ தெருவிலோ உண்டியல் ஏந்தி நிற்பதற்கும், வீடு வீடாகப் போய் வசூலிப்பதற்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி போலீஸில் உரிமம் வாங்க வேண்டும். நல்ல காரியம்தானே என்று உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அதே வாரத்தில் டாக்டரைப் பாருங்கள். நம் மக்களிடம் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம், 40 வயது தாண்டியவர்கள் இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் பார்க்காமல் நீண்ட தூரம் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்சுலின் போடுகிறவர்கள் சைக்கிள் நாட்களில் அளவை எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே ஆக வேண்டும். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் எங்களோடு வருகிறார்கள், வர வேண்டும், ஆனால் அவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டு விஷயம் தனியாகக் கேட்க வேண்டும். கீமோவுக்குப் பிறகு விரல்களில் மரத்துப்போன உணர்வு இருந்தால் பிரேக் பிடிக்கும்போது அது ஆபத்து. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு, மணிக்கணக்கில் ஹேண்டிலில் எடையைச் சாய்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சைக்கிளும் சீட்டும்

விலை உயர்ந்த கார்பன் சைக்கிள் வேண்டியதில்லை. கியர் நன்றாக மாறுகிற, பிரேக் பிடிக்கிற, உங்கள் உயரத்துக்குச் சரியான அலுமினிய சைக்கிள் போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சமாகும் பணத்தை டயரிலும் பேட் வைத்த அரைக்கால் சட்டையிலும் போடுங்கள். டயர் 28 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், நம் பழைய சாலைகளின் ஒட்டுப்போட்ட தாருக்கு மெல்லிய டயர் ஒத்துவராது. டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்றடிக்க வேண்டாம், கல்லு மாதிரி இருக்கும், உடம்பு முழுக்க அதிரும். பேட் வைத்த அரைக்கால் சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை, புதியவர்கள் இரண்டாம் நாள் தொடை இடுக்கில் தோல் உரிந்து உட்கார முடியாமல் அழுகிறார்கள்.

சீட்டின் உயரத்தை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்காருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள், அப்போது கால் நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் தொடங்க வேண்டிய உயரம். நீண்ட தூரம் ஓட்டியபின் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றியதை டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

16 வாரப் பயிற்சி

வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு வேலை நாட்களில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். கோலாலம்பூரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும், ஆனால் ஒன்பதரைக்கெல்லாம் வெயில் முதுகைச் சுடும், அதனால் ஐந்தரைக்கு எழுந்து, முன்னும் பின்னும் விளக்குப் போட்டுக் கிளம்பப் பழகிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாலைப் பயிற்சியை நம்பவே கூடாது. மதியம் மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலும் வந்துவிடும்.

முதல் நான்கு வாரம் ஞாயிறு ஓட்டத்தை 30 கிலோமீட்டரில் தொடங்கி 50க்குக் கொண்டுவாருங்கள். புத்ராஜெயா நல்ல இடம், சாலை அகலம், மேடு பள்ளம் சிறியது. வேகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வருகிறவரிடம் நேற்றைய பந்து ஆட்டத்தைப் பற்றி மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் சரியான வேகம். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பது முழங்காலுக்கு நல்லது.

ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை 60இலிருந்து 80 கிலோமீட்டர். இப்போது மேடு சேர்க்க வேண்டும். உலு லங்காட் பத்து 18 வழியாகச் சுங்கை தெக்காலா, அப்படியே செமினி பக்கம் இறங்கும் சாலையில் ஏற்றமும் நிழலும் இரண்டும் கிடைக்கும். கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறுவது நீண்ட ஏற்றம், அதைப் பத்தாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தீவையே ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், தெலுக் பகாங் அணையைத் தாண்டி பாலிக் பூலாவ் போகும் ஏற்றத்தில் காலைப் பதம் பார்த்துவிடலாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 100 கிலோமீட்டரைத் தொடுங்கள். முக்கியமாக, சனியும் ஞாயிறும் தொடர்ந்து ஓட்டத் தொடங்குங்கள். மூன்று நாள் பயணத்தில் முதல் நாள் யாரையும் முறிப்பதில்லை. இரண்டாம் நாள் காலையில், நேற்றைய வலியோடு அதே சீட்டில் மறுபடி உட்காரும்போதுதான் மனசு விட்டுப்போகும், அதற்கு உடம்பை இப்போதே பழக்க வேண்டும். பதின்மூன்று, பதினான்காம் வாரங்களில் சனி 130, ஞாயிறு 90. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து ஓய்வு கொடுங்கள். கடைசி இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும், கடைசி வாரத்தில் ஒரு மணி நேர ஓட்டம் இரண்டு போதும். பயிற்சி குறைவாகிவிட்டதோ என்ற பயத்தில் கடைசி ஞாயிறு 100 ஓட்டினால் அந்தக் களைப்போடுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.

புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யு. என்கிற காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டாதீர்கள். நோயாளிகளுக்காகப் பணம் திரட்டிக்கொண்டு நம் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர், சாப்பாடு

ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர், அதை உட்கார்ந்து மொத்தமாகக் குடிக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று தெரிய, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கடன் வைத்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து, உப்புச் சத்து குறைந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்தது என்று நான் வைத்துக்கொள்வேன்.

ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கிறது, பெரிய பேரீச்சம்பழம் இரண்டு சாப்பிட்டால் 35க்குக் கிட்ட வரும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். காலை நாசி லெமாக் வேண்டாம், தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். இட்லி, இடியாப்பத்துடன் சர்க்கரை, ரொட்டியும் காயா ஜாமும் எல்லாம் நன்றாக ஒத்துப்போகும். எதைச் சாப்பிட்டாலும் பயிற்சி நாட்களில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டுமே பயண நாட்களில் சாப்பிடுங்கள்.

வெயிலில் ஒருவர் உளறினால், நடை தடுமாறினால், எரிச்சலாகப் பேசத் தொடங்கினால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலில் படுக்க வைத்து, உடை தளர்த்தி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 999க்கு அழையுங்கள்.

பணம் கேட்பது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் உங்கள் சொந்தப் பணத்தைப் போடுங்கள். 100 வெள்ளியோ 300 வெள்ளியோ, உங்களுக்கு வலிக்கிற அளவு. கணக்கு பூஜ்யத்தில் இருக்கும்போது முதல் ஆளாகக் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம், சட்டை எல்லாம் உங்கள் பணம், கொடுக்கிற ஒவ்வொரு வெள்ளியும் அமைப்புக்கே போகிறது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அது பொய்யாக ஆகாதபடி நடந்துகொள்ளுங்கள்.

பிறகு இலக்கை உடையுங்கள். 10,000 வெள்ளி என்றால் மலைப்பாக இருக்கும். 40 பேர் 50 வெள்ளி, 20 பேர் 100 வெள்ளி, ஆறு பேர் 500 வெள்ளி என்றால் 7,000 ஆகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றால் 1,500. நீங்கள் வேலை செய்யும் கம்பெனியில் ஊழியர்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் கொடுக்குமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள், அங்கிருந்து ஒரு 1,500. இப்படிப் பெயர் பெயராக ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கு யாரைத் தெரியும் என்று நினைக்கிறவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

சின்னத் தொகையை அலட்சியம் செய்யாதீர்கள். டெர்ரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தவர், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கப் புறப்பட்டு, நோய் திரும்பி வரும் வரை 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் கேட்டது ஒவ்வொரு கனடியரிடமும் ஒரே ஒரு டாலர். பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கிலோமீட்டருக்கு 10 சென் என்று கேட்கிறேன், 380 கிலோமீட்டருக்கு 38 வெள்ளி ஆகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கணக்குப் போட்டு, நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று மூன்று நாளும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியை எல்லாருக்கும் தட்டிவிடுவது வேலைக்காகாது. எல்லாரும் பார்ப்பார்கள், யாரோ கொடுப்பார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள், முடிந்தால் நேரில் கேளுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் அக்கா. எங்க செந்தூல் அத்தை உங்களுக்குத் தெரியும், மார்பகப் புற்றுநோய்ல போனாங்க. அவங்க நினைவா கோலாலம்பூர்லேருந்து பினாங்குக்கு சைக்கிள்ல போறேன், மூணு நாள். வசதி இல்லாத நோயாளிங்க சிகிச்சைக்காகப் பணம் திரட்டுறேன். நீங்க 50 வெள்ளி கொடுக்க முடியுமா? பணம் நேரா சங்கத்துக்கே போகும், ரசீது வரும். முடியலன்னா ஒண்ணும் இல்லக்கா, அத்தையை நினைச்சுக்குங்க போதும்."

இதில் நோயின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, மறுப்பதற்கு மரியாதையான வழியும் இருக்கிறது. "உங்களால் முடிந்ததை" என்று எழுதினால் எவ்வளவு கொடுப்பது என்று யோசித்தே தள்ளிப்போடுவார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சம்பளம் வருகிற மாதக் கடைசியில் கேளுங்கள், பள்ளி திறக்கும் வாரத்தில் கேட்காதீர்கள்.

பணம் எதற்கு ஆகும் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்களுக்குத் தொடர்ந்து நடக்கும். தோட்டத்திலோ கம்பத்திலோ (கிராமத்திலோ) இருக்கிற ஒரு லோரி டிரைவரின் மனைவி தினமும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்து போக வேண்டும் என்றால் பஸ் காசும் டேக்ஸி காசும் என்ன ஆகும், கூட வருகிறவரின் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். இதைச் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

கேட்கும்போது கதைகள் வரும், அதற்குத் தயாராக இருங்கள். என்னோடு பத்து வருஷம் வேலை செய்த ஒரு அண்ணன், செய்தியைப் படித்துவிட்டு மாடிப்படியில் என்னை நிறுத்தி, அவர் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து சரியானதை முதல்முறையாகச் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்களிடம் அப்போது பணப் பேச்சு எடுக்காதீர்கள். கேளுங்கள், போதும். நோயாளியின் பெயரை உங்கள் சட்டையிலோ சைக்கிளிலோ எழுதிக்கொண்டு போகலாமா என்று அனுமதி கேளுங்கள், அனுமதி இல்லாமல் யார் பெயரையும் படத்தையும் வெளியே போடாதீர்கள். நான் பெயர்களை ஒரு தாளில் எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

வழி

நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய முதலாம் கூட்டரசுச் சாலைதான் நமக்கு. முதல் நாள் ஜாலான் ஈப்போ, பத்துமலை, செலாயாங் வழியாக ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா. இது 150 கிலோமீட்டருக்குக் கிட்ட, ரவாங் தாண்டும் வரை லோரிகள் அதிகம், அதனால் விடிவதற்குள் நகரத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். லோரி முந்தும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும், ஹேண்டிலை இறுக்காமல் நேராகப் பிடியுங்கள். சாலை ஓரக் கோட்டை ஒட்டி ஓட்டினால் குழியும் சாக்கடை மூடியும் தான் கிடைக்கும், ஒரு அடி உள்ளே வாருங்கள். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம்தான் ஆகவும் வழுக்கும், தாரில் ஊறிய எண்ணெய் மேலே வரும்.

இரண்டாம் நாள் தாப்பாவிலிருந்து கம்பார், கோப்பெங், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங். கோலகங்சார் தாண்டி பாடாங் ரெங்காஸுக்குப் பிறகு புக்கிட் பெராபிட் ஏற்றம், மதிய வெயிலில், 120 கிலோமீட்டருக்குப் பிறகு வரும். மூன்று நாளில் நான் பயப்படுகிற ஒரே இடம் அதுதான். கோலகங்சாரில் கண்டிப்பாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். தைப்பிங்கில் மழை இல்லாத மாலை அபூர்வம், பின்னால் வரும் வண்டியில் ஒரு ஜோடிக் காய்ந்த துணி இருக்கட்டும்.

மூன்றாம் நாள் கமுந்திங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால், சுங்கை பாக்காப், பட்டர்வொர்த். சமதரை, இரண்டு பக்கமும் வயல். எதிர்காற்று இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறிக்கொள்ளுங்கள். பினாங்குப் பாலத்தில் சைக்கிள் போகக் கூடாது, பெர்ரியில் ஏறிவிடுங்கள்.

கூட ஒரு வண்டி கட்டாயம் வேண்டும். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, டியூப், டயர், செயின் எண்ணெய், முடியாதவர் ஏறிக்கொள்ள இடம். ஆனால் பஞ்சர் ஒட்ட வண்டியை நம்பியிருக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு டியூப் மாற்றத் தெரியும் வரை வீட்டில் பழகுங்கள். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், லோரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பி குத்தியே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். தோட்டப் பக்கம் நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

பயணம் முடிந்த அன்றே எல்லாருக்கும் செய்தி அனுப்பப் பாருங்கள், பயணத்துக்குப் பிந்திய ஒரு வாரத்தில்தான் "நானும் கொடுக்கணும்னு நெனச்சேன்" என்றவர்கள் கொடுக்கிறார்கள். அமைப்பு கொடுக்கும் மொத்தக் கணக்கைப் படமெடுத்து எல்லாருக்கும் காட்டுங்கள். அந்த நன்றிச் செய்தியிலேயே பரிசோதனையைப் பற்றி ஒரு வரி சேருங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் அன்றே அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகச் சொல்லுங்கள், 50 வயது தாண்டியவர்கள் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையையும் அங்கே கேட்கலாம்.

ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்புங்கள். சுங்கை சிப்புட்டில் நாங்கள் தோசை சாப்பிட்ட கடையில், சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு அம்மா நாலாக மடித்த 10 வெள்ளி நோட்டை என் கையில் வைத்தார். எனக்கு வரியெல்லாம் கிடையாது தம்பி, ஆனால் ரசீதில் என் தங்கச்சி பெயரைப் போடச் சொல்லு என்றார். சங்கத்தில் கேட்டேன், நினைவாக என்று பெயரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைத் தபாலில் போட மனம் வரவில்லை, அடுத்த மாதம் ஈப்போவுக்குப் போன வழியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, ஒரு எழுத்துத் தப்பாக இருக்கிறது என்றார். திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, சரியான பெயரோடு புது ரசீது வாங்கிக் கொடுத்தேன். அதனால் பெயர்களை அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து எழுத்தாகக் கேட்டு, அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.